காளான் அறையில் நாற்றம்: ஃபில்டர் வாங்கும் முன்

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் 10க்கு 10 அடி அறை, உயரம் 9 அடி. அதில் 90 சிப்பிக் காளான் படுக்கைகள், அதாவது வைக்கோல் அடைத்த பைகள், தொங்கவிட்டிருக்கிறேன். ஒரே ஒரு ஜன்னல், அதையும் ஈரப்பதம் போய்விடும் என்று மூடியே வைத்திருக்கிறேன். காம்பு விரல் நீளத்துக்கு வளர்கிறது, தலை காசு அளவுதான். புளித்த நாற்றம் வேறு. பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனும் கார்பன் ஃபில்டரும் எந்த அளவில் வாங்க வேண்டும்?

பதில்: ஃபேன் வாங்குங்கள். ஃபில்டருக்கு இப்போதைக்குப் பணம் போட வேண்டாம்.

காம்பு நீளுவது காற்றுக் கோளாறு. காளானும் நம்மைப் போலத்தான், ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் இருக்கும். மொட்டு விட்ட சிப்பிக் காளானுக்கு 1,000க்குக் கீழே இருப்பது நல்லது. மூடிய அறையில் 90 படுக்கைகள் மூச்சு விட்டால் அதைத் தாண்டிப் போக நேரம் ஆகாது. நல்ல காற்றைத் தேடிக் காம்பு நீளும், தலை விரியாது. மீட்டர் வாங்க வேண்டியதில்லை, காளானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கணக்கு சுலபம். உங்கள் அறை 900 கன அடி, அதாவது சுமார் 25 கன மீட்டர். அறுவடைப் பருவத்தில் மணிக்கு 4 முதல் 6 முறை காற்று முழுவதும் மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 முதல் 150 கன மீட்டர். கடையில் கிடைக்கும் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பெரும்பாலும் இதைவிட அதிகமாகவே இழுக்கும். ஒரு டைமர் போட்டு 15 நிமிடம் ஓட்டி 15 நிமிடம் நிறுத்துங்கள், ஈரமும் தங்கும். 12 அங்குல ஃபேன் மாட்டினால் அறை காய்ந்து, மொட்டுகள் கருகிவிடும்.

ஃபேனைவிட முக்கியம், காற்று உள்ளே வரும் வழி. ஃபேன் ஓடும்போது ஜன்னல் மூடியிருந்தால் அது சும்மா சுற்றுகிறது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து, பூச்சி நுழையாத நெருக்கமான நைலான் வலை கட்டி, உள்பக்கம் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுங்கள். ஜன்னலுக்கு மூலைக்கு மூலை எதிரே ஃபேன். மேலேயா கீழேயா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்; காற்று படுக்கைகளுக்கு நடுவே புகுந்து போகிறதா என்பதுதான் கேள்வி. கதவில் ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது நூல் அறைக்கு உள்ளே சாய்ந்தால் சரி, நாற்றம் வீட்டுக்குள் வராது. சித்திரை வெயிலில் மட்டும் பகலில் குறைத்து, ராத்திரியும் விடியற்காலையும் அதிகம் ஓட்டுங்கள்.

இன்னொன்று, வித்து ஓடுகிற, அதாவது காளான் பூஞ்சை வைக்கோலில் வெள்ளையாகப் பரவுகிற படுக்கையையும் மொட்டு விட்ட படுக்கையையும் ஒரே அறையில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளை பரவும் 15, 20 நாளும் கரியமில வாயு ஏறினாலும் பூஞ்சை கவலைப்படாது. அந்தப் படுக்கைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இந்த அறைக்கு 50, 60 படுக்கை போதும்.

அடுத்து நாற்றம். நன்றாக இருக்கிற சிப்பிக் காளான் அறையில் மழை பெய்த மண் மாதிரி ஒரு மணம்தான் இருக்கும், லேசாகச் சோம்பு வாசனையும் வரலாம். புளித்த வாடை என்றால் வைக்கோலில் தண்ணீர் அதிகம். பையின் அடியில் காற்றில்லாமல் பாக்டீரியா வேலை செய்கிறது. அடுத்த முறை பை கட்டும் முன் ஒரு கை வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டு விழக் கூடாது. மூக்கில் ஏறும் அமோனியா வாடை என்றால் வைக்கோலோடு சேர்த்த தவிடு கூடிப்போயிருக்கும். ஊறிக் கறுத்த பை, பச்சைப் பூசணம் பிடித்த பை, பறிக்காமல் அழுகிய காளான் எல்லாவற்றையும் இன்றைக்கே வெளியேற்றுங்கள். தண்ணீர் தெளித்ததும் ஃபேனை ஓட்டி, தலைகளின் மேல் நிற்கும் ஈரத்தைக் காய விடுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள் கொப்புளம் போலப் பரவி அழுகும்.

அப்புறம், வைக்கோல் ஊறவைக்கும் டிரம் எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டுச் சண்டைகளில் நான் முதலில் கேட்பது இதுதான். ஊறிய தண்ணீரை இரண்டு நாள் விட்டு வைத்தால் சாக்கடை தோற்கும். வைக்கோலை 4, 5 மணி நேரம் ஊறவைத்து எடுத்ததுமே அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிடுங்கள். ஃபார்மலின் என்ற கிருமிக்கொல்லி ரசாயனம் கலந்து ஊறவைக்கிறவர் என்றால் அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகாது. பேசாமல் ஆவியில் வேகவைக்கும் முறைக்கு மாறிவிடுங்கள்.

ஃபில்டர் ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் அறையில் ஈரப்பதம் 80, 85 சதவீதம் இருக்க வேண்டும். அந்த ஈரத்தில், ஃபில்டருக்குள் வாடையைப் பிடிக்க வைத்திருக்கும் கரியின் (ஆக்டிவேட்டட் கார்பன்) நுண்துளைகளில் தண்ணீரே போய் உட்கார்ந்துகொள்ளும், வாடை பிடிக்க இடம் இருக்காது. அமோனியாவை அது உலர்ந்த நிலையிலேயே சரியாகப் பிடிப்பதில்லை. தவிர, சுவரில் மாட்டும் சாதாரண ஃபேனுக்கு ஃபில்டர் வழியாக இழுக்கத் திராணி கிடையாது. அதற்குக் குழாய்க்கு நடுவே பொருத்தும் இன்லைன் டக்ட் ஃபேன் வேண்டும். அடுப்புக்கரியைக் கொட்டி ஃபில்டர் செய்யலாம் என்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். ஊதுபத்தி, ஃபினாயில், ஓசோன் மெஷின் எதுவும் அறைக்குள் வேண்டாம்.

ஃபேன் தள்ளும் காற்று பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே போகக் கூடாது, நாற்றத்துக்காக மட்டும் இல்லை. முற்றிய காளான் வெள்ளைத் தூளாக ஸ்போர் எனும் நுண்வித்துகளைக் கொட்டும், அது நுரையீரலுக்கு ஒவ்வாமை தரும். தலையின் ஓரம் மேலே சுருள்வதற்கு முன்பே பறித்துவிடுங்கள், அறைக்குள் போகும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். குழாய் வைத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோவதானால் 160 மில்லிமீட்டர் பிவிசி, வளைவு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அந்த வேலைக்கும் இன்லைன் ஃபேன்தான் சரிப்படும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் கழித்தும் நாற்றம் இருந்தால், அடியில் ஊறிக் கறுத்த ஒரு பையைக் கிழித்து உள்ளே படம் எடுத்து அனுப்புங்கள்.