மோலார் நிறைக் கணக்கு: அடைப்புக்குறியில் சறுக்குகிறவர்களுக்கு

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடம் வேதியியல் நடத்தியவன் நான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே மோலார் நிறையை, அதாவது ஒரு பொருளின் ஒரு மோல் எத்தனை கிராம் என்பதைச் சுற்றித்தான். மோல் என்பது டஜன் மாதிரி, அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுவதற்கான ஒரு நிலையான எண்ணிக்கை. அணு நிறைகளைப் பள்ளிக் கணக்குக்கு எடுப்பதுபோல முழு எண்ணாகவோ அரையாகவோ வைத்துக்கொள்கிறேன்.

காட்பாடி, பிளஸ் ஒன் மாணவி: சார், நீற்றிய சுண்ணாம்புக்கு எனக்கு 58 வருது. விடை 74னு இருக்கு. கூட்டலை மூணு தடவை பார்த்துட்டேன்.

கூட்டல் சரிதான்மா, Ca(OH)₂ என்ற வாய்பாட்டைப் படித்த விதம்தான் தப்பு. கால்சியத்தை அடுத்து ஓர் அடைப்புக்குறி. அதற்குள் ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். வெளியே கீழே ஒரு 2 தொங்குகிறது. அதை நீ ஹைட்ரஜனுக்கு மட்டும் கொடுத்து 40 + 16 + 2 என்று போட்டிருக்கிறாய். உள்ளே இருக்கிற இரண்டுக்கும் அது சொந்தம். 16 + 1 = 17, அதன் இரு மடங்கு 34, கால்சியத்தின் 40 சேர்ந்தால் 74. ஒரு மோல் 74 கிராம்.

ஆம்பூர்: மூலக்கூறு நிறையும் மோலார் நிறையும் ஒன்றா?

எண் ஒன்று, பொருள் வேறு. தண்ணீரின் ஒப்பு மூலக்கூறு நிறை 18, அதற்கு அலகு கிடையாது. மோலார் நிறை என்றால் மோலுக்கு 18 கிராம். அலகை விட்டால் மதிப்பெண் போகும்.

ஆரணி: குளோரின் 35.5 என்கிறார்களே, அரை அணு எங்கிருந்து வந்தது?

அரை அணு எதுவும் இல்லை. இயற்கைக் குளோரினில் நிறை எண் 35 உள்ள அணுக்கள் ஏறக்குறைய முக்கால் பங்கு, 37 உள்ளவை கால் பங்கு. சராசரி 35.5. அதனால்தான் சாப்பாட்டு உப்பு (சோடியம் குளோரைடு) 23 + 35.5 = 58.5.

குடியாத்தம், ஒரு மாணவனின் அப்பா: மயில்துத்த வாய்பாட்டின் (CuSO₄·5H₂O) நடுவில் ஒரு புள்ளி இருக்கிறதே, பெருக்கலா? பையன் 14,355 என்று கொண்டுவந்து காட்டுகிறான்.

பையன் கணக்கில் கெட்டிக்காரன், பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது! ஆனால் அந்தப் புள்ளி பெருக்கல் அல்ல, 'கூடவே' என்று அர்த்தம். காப்பர் சல்பேட்டுக்கு 63.5 + 32 + 64 = 159.5. கூடவே ஐந்து தண்ணீர், 5 × 18 = 90. மொத்தம் 249.5. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் நீலக் கட்டியை நன்றாகச் சூடாக்கினால் அந்தத் தண்ணீர் வெளியேறி வெள்ளைப் பொடியாகிவிடும். 10 கிராம் வைத்தால் சுமார் 6.4 கிராம்தான் மிஞ்சும். வீட்டு அடுப்பில் வேண்டாம், விஷம். ஆய்வகத்தில் ஆசிரியர் செய்துகாட்டட்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில் நானே இதில் மாட்டியிருக்கிறேன். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க 24.95 கிராம் வேண்டும். நான் 159.5ஐ மனதில் வைத்துக்கொண்டு நீலப் படிகத்தை 15.95 கிராம் நிறுத்துப் போட்டேன். கரைசல் 0.064 மோலார்தான். அன்றைக்கு வகுப்பு முழுக்க ப்யூரெட் (கரைசலை அளந்து சொட்டுவிடும் குழாய்) அளவு ஒன்றுபோலத் தப்பாக வந்தது. பாவம், பிள்ளைகளைத் திட்டியும் விட்டேன்.

ராணிப்பேட்டை, தோல் ஷாப்பு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்: குரோம் பவுடர் மூட்டையில் குரோமியம் ஆக்சைடு 25 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 25 கிலோ மூட்டையில் குரோமியம் எவ்வளவு சார்?

தம்பி, மூட்டைக்குள் இருப்பது ஆக்சைடு இல்லை, காரத்தன்மையுள்ள குரோமியம் சல்பேட். குரோமியத்தின் அளவை ஆக்சைடாக மாற்றிச் சொல்வது தோல் தொழிலின் வழக்கம். 25 கிலோவில் கால் பங்கு, அதாவது 6.25 கிலோ, ஆக்சைடு கணக்கு. அந்த ஆக்சைடில் குரோமியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று: 104 + 48 = 152. குரோமியத்தின் பங்கு 152க்கு 104. 6.25ஐ 104ஆல் பெருக்கி 152ஆல் வகுத்தால் சுமார் 4.28 கிலோ. 6.25 கிலோவும் குரோமியம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டால், கழிவுநீர்க் கணக்குப் பார்க்கும்போது இல்லாத இரண்டு கிலோவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சதவீதம் மூட்டைக்கு மூட்டை மாறலாம், லேபிளைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.