தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் யோயோ, பம்பரம் போன்றவற்றையும் பொழுதுபோக்காக வைத்திருந்தால் அவருடைய அன்றாடம் எப்படி இருக்கும்?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். +1, +2 வகுப்புகள். கைப்பையில் சாப்பாட்டு டப்பா, சார்ஜர், சாக்பீஸ் டப்பாவோடு ஒரு யோயோவும் எப்போதும் கிடக்கும். வீட்டு அலமாரியில் ஒரு கெண்டாமாவும் (பந்தைக் கிண்ணத்தில் பிடிக்கும் ஜப்பான் விளையாட்டு) சில பம்பரங்களும் உண்டு. என் அன்றாடத்தையே இதற்குப் பதிலாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பாடத்தைச் சுவாரஸ்யமாக்க டீச்சர் பிடித்த உத்தி இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எனக்கு யோயோ பிடிக்கும், அதனால் விடுகிறேன். வகுப்புக்குள் அது தானாக வந்து சேர்ந்தது. சில சாயங்காலங்களில் மொட்டை மாடியில் நின்று விடும்போது பாடம், பள்ளி எதுவும் நினைவில் இருக்காது. அந்த நேரத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் போனில் வருகைப் பதிவு. அதன்பின் வகுப்பு, நோட்டு, செய்முறைப் பதிவேடு என்று எல்லா ஆசிரியர்களுக்கும் உள்ள ஓட்டம்தான். தேர்வு முடிந்தால் மட்டும் நான் கொஞ்சம் வேறு மாதிரி செய்வேன். மொத்த மதிப்பெண்ணை மட்டும் ஏற்றாமல், ஸ்ப்ரெட்ஷீட்டில் மாணவிக்கு ஒரு வரி, கேள்விக்கு ஒரு கட்டம் என்று போட்டுக்கொள்வேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் 'இந்த வகுப்பு சுமார்' என்ற பொத்தாம்பொதுவான பேச்சு அதோடு நின்றுவிடும். எந்தக் கேள்வியில், எந்தப் படியில் வகுப்பே சறுக்கியிருக்கிறது என்று அந்தத் தாள் காட்டிவிடும்.

இந்தப் பழக்கம் எனக்கு யோயோவிலிருந்து வந்தது. எப்படி என்று ட்ரபீஸ் என்ற வித்தையை வைத்துச் சொல்கிறேன்.

யோயோவை நேராகக் கீழே விடாமல், வலது தோள் பக்கமிருந்து உடம்புக்கு முன்னால் பக்கவாட்டில் வீச வேண்டும். அது அரைவட்டமடித்து இடப்பக்கம் வரும்போது இடது ஆட்காட்டி விரல் நூலைச் சந்திக்கும். யோயோ அந்த விரலைச் சுற்றி வந்து, தன் நூலின் மேலேயே உட்கார்ந்து சுழலும். பார்க்க ஒரே அசைவு மாதிரி இருக்கும். பழகுகிறவர்களுக்கு யோயோ நூலில் உட்காராமல் நழுவிக்கொண்டே போகும். 'இன்னும் நல்லா பயிற்சி பண்ணு' என்று சொல்வதில் பயனே இல்லை, ஏனென்றால் தவறையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள்.

போனில் ஸ்லோமோஷன் வைத்து எடுத்தால் நொடிக்கு 240 படம் கிடைக்கும். +1 மாணவி ஒருத்தி ட்ரபீஸ் வராமல் தவித்தபோது அப்படி எடுத்துக் காட்டினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் நின்ற அவள் தோழி சொல்லிவிட்டாள்: "டீச்சர், இவ விரலை ரொம்பத் தள்ளி வைக்கா. யோயோவை ஒட்டி வச்சாத்தான் சின்னதா சுத்தும்."

அவ்வளவுதான் விஷயம். விரலுக்கும் யோயோவுக்கும் நடுவில் நூல் நீளமாக இருந்தால் யோயோ பெரிய வட்டமடிக்கும், நூல்மேல் வந்து உட்காராது. வீச்சு, கண், வலது கை எல்லாம் சரியாகவே இருந்தன. திருத்த வேண்டியது விரல் வைக்கும் இடம் ஒன்றுதான்.

இப்போது கரும்பலகையில் ஒரு சூத்திரத்தின் தருவிப்பு முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "எந்த வரி வரைக்கும் கூட வந்தீங்க?" என்றுதான் கேட்கிறேன். அதற்குப் பிள்ளைகள் உண்மையான பதில் சொல்கிறார்கள். "நாலாவது வரி வரைக்கும் டீச்சர், அதுக்கப்புறம் அந்த v எங்க போச்சு?" என்று ஒருத்தி கேட்டால், அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். உயர்தொழில்நுட்ப ஆய்வகம், புத்தகத்தில் க்யூஆர் கோடு என்று எங்கள் பள்ளிகளுக்கு நிறைய வந்திருக்கிறது. லீவு போட்ட பிள்ளைகள் பாடத்தைப் பிடித்துக்கொள்ள அவை நிஜமாகவே உதவுகின்றன. ஆனாலும் என் கையில் உள்ள கருவிகளில் முதலிடத்தை ஸ்லோமோஷன் கேமராவுக்குத்தான் கொடுப்பேன். தவறு எங்கே நடக்கிறது என்று பிள்ளையே தன் கண்ணால் பார்க்கிறாள், யாரும் அவளைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

பாடத்துக்கும் வருகிறேன். +1 புத்தகத்தில் சாய்தளத்தில் உருளும் பொருளின் முடுக்கம் வரும்: g sinθ-வை 1 + K²/R² ஆல் வகுக்க வேண்டும். g புவியீர்ப்பு முடுக்கம், θ சாய்தளத்தின் கோணம், R பொருளின் ஆரம், K சுழற்சி ஆரம். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பேரிங் இல்லாத மர யோயோ ஒன்றை எடுத்து, வீசாமல் சும்மா கையிலிருந்து விடுவேன். நூல் பிரியப் பிரிய மெதுவாக இறங்கும். இதுவும் உருளுதல்தான், சாய்தளத்துக்குப் பதில் செங்குத்தான நூல். sinθ 1 ஆகிவிடும், R இருந்த இடத்தில் அச்சின் ஆரம் வரும். அச்சின் ஆரம் 4 மி.மீ., K 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் முடுக்கம் g-யில் 26-ல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் இறங்க 2.3 நொடி ஆகும். கல்லைப் போட்டால் அரை நொடிகூட ஆகாது. போனில் எடுத்து அளந்து பார்த்தால் யோயோ கணக்கைவிடச் சீக்கிரம் இறங்கியிருக்கும். ஏன் என்று யோசிக்க விட்டுவிடுவேன். அச்சின்மேல் சுற்றியிருக்கும் நூலுக்கும் தடிமன் உண்டே, ஆரம்பத்தில் ஆரம் 4 மி.மீ.யைவிடக் கூடுதலாயிற்றே என்று யாராவது ஒருத்தி பிடித்துவிடுவாள். ஆண்டு முழுக்க நான் காத்திருக்கும் பீரியடுகளில் அது ஒன்று.

சுழற்சி வேகத்தையும் அளக்கலாம். யோயோவின் முகத்தில் ஒயிட்னரால் ஒரு புள்ளி வைத்து ஸ்லோமோஷனில் எடுக்க வேண்டும். நான்கு படத்துக்கு ஒருமுறை புள்ளி அதே இடத்துக்கு வந்தால் நொடிக்கு 60 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,600. வகுப்பறை மின்விசிறி முழு வேகத்தில்கூட நிமிடத்துக்கு நானூறு சுற்றுக்குள்தான் ஓடும் என்றதும் பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார்கள். வேகம் நொடிக்கு 120 சுற்றைத் தாண்டிவிட்டால் புள்ளி பின்னோக்கி ஓடுவது போலத் தெரியும், சினிமாவில் வண்டிச் சக்கரம் தலைகீழாக ஓடுவதும் இதே காரணத்தால்தான். வெயில் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

யோயோ கீழே நின்று சுழல்வதை ஸ்லீப்பர் என்பார்கள். அச்சில் நூலை முடிச்சுப் போட்டு இறுக்காமல் வளையமாக மாட்டுவதால்தான் அப்படி நிற்க முடிகிறது. இது பிலிப்பைன்ஸ் நாட்டு முறை. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன பெட்ரோ ஃப்ளோரஸ் 1928-ல் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் யோயோ கம்பெனி தொடங்கினார். பிறகு டொனால்டு டங்கன் அதை வாங்கிப் பெரிதாக்கினார். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் நாசா சில பொம்மைகளை அனுப்பிப் பார்த்தது, அதில் யோயோவும் இருந்தது. எடையற்ற நிலையில் மெதுவாக விட்டாலும் அழகாகப் போய் வந்தது, ஆனால் ஸ்லீப்பர் மட்டும் வரவில்லை. நூலின் கடைசிக்குப் போனதும் திரும்பிவிட்டது. கீழே பிடித்து இழுக்க ஈர்ப்பு இல்லாததால் நூல் விறைப்பாக நிற்காது, யோயோ எகிறித் தன் நூலையே மறுபடி சுற்றிக்கொள்ளும். ஸ்லீப்பர் ஏன் வரவில்லை என்ற கேள்வியை +1 பிள்ளைகளிடம் போட்டால் ஒரு பீரியட் போவதே தெரியாது.

கெண்டாமா பற்றிக் கொஞ்சம். இது ஜப்பான் விளையாட்டு. இன்றைய வடிவம் ஹிரோஷிமா மாகாணத்து ஹத்சுகாய்ச்சி ஊரில் நூறு ஆண்டுக்கு முன் உருவானது. கிண்ணங்கள் வைத்த மரப்பிடி, நூலில் கட்டிய ஓட்டையுள்ள பந்து. பந்தைக் கிண்ணத்தில் பிடிக்கும்போது முழங்காலை மடக்கி இறங்கவேண்டும், விறைத்து நின்றால் பந்து துள்ளி ஓடிவிடும். கணத்தாக்கு (impulse) பாடத்துக்கு அதுவே போதும்.

வீட்டில் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்பீர்கள். என் மாமியார் முதலில், "இது ஆம்பளப் பிள்ளைக வெளாட்டுல்லா?" என்றார்கள். அவர்கள் சொன்னதில் எங்கள் ஊர் வழக்கமே இருக்கிறது. அம்பை, அதாவது அம்பாசமுத்திரம், மரத்தைக் கடைந்து செய்யும் கடைசல் சாமானுக்குப் பேர்போன ஊர். பெண் குழந்தைக்கு அடுப்பு, பானை, அம்மி என்று சொப்பு. ஆண் பிள்ளைக்குப் பம்பரம். இரண்டையுமே உருட்டி எடுப்பது அதே கடைசல் எந்திரம்தான், கடைந்து முடிந்தபின் யார் கையில் கொடுப்பது என்பதில் மட்டும் பாகுபாடு. பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. கோண உந்தத்தைக் கையால் உணர்ந்து வளர்ந்த பையனும், புத்தகத்தில் முதன்முதலாகப் படிக்கும் பெண்ணும் ஒரே கேள்வித்தாளை எழுதுகிறார்கள். அதனால் எங்கள் ஆய்வகத்தில் பம்பரமும் சாட்டையும் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மேஜைமேல்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் நான் வாசலில் பம்பரம் விடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு சாட்டையை என் கையிலிருந்து வாங்கி, ஆணியிலிருந்து தொடங்கி ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி விழாமல் நெருக்கிச் சுற்றினார்கள். "எங்க அண்ணன்மாரு ஆக்கர் வைக்கப்ப நாந்தான்ட்டீ சுத்திக் குடுப்பேன். ஒரு நாளும் விடத் தரமாட்டானுவ" என்றார்கள். சுற்றியதை என்னிடம் நீட்டப் போனவர்களிடம், நீங்களே விடுங்கள் என்றேன். விட்டார்கள். நன்றாகவே நின்று ஆடியது. மாமியார் அதற்கப்புறம் எதுவும் சொல்வதில்லை.

பெற்றோரில் சிலர், 'பப்ளிக் எக்ஸாம் வரும்போது விளையாட்டு எதுக்கு?' என்று கேட்பதுண்டு. நியாயமான கவலை. +2 பிள்ளைகளுக்கு நான் வித்தை எதுவும் கற்றுக்கொடுப்பதில்லை. மதிய இடைவேளையில் அவர்களாக எடுத்து விட்டால் தடுப்பதுமில்லை.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. எடுத்ததும் உலோக யோயோ வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சுண்டினால் மேலே வராது, நூலை மடித்து இடுக்கில் ஊட்டி வரவழைக்க வேண்டும். அதற்குப் பைண்ட் என்று பெயர், புதிதாகப் பழகுகிறவர்களைச் சலிக்க வைத்துவிடும். சுண்டினால் திரும்பி வரும் பிளாஸ்டிக் யோயோவே முதலுக்குப் போதும். அதைத் தரையில் நிற்கவைத்து, நூல் தொப்புள் உயரத்துக்கு வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள். சுருக்குப் போட்டு நடுவிரலில், முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவே மாட்டுங்கள். உள்ளங்கை வானம் பார்க்க யோயோவைப் பிடித்து, விரல் நுனி வழியாக உருண்டு போகும்படி விடவேண்டும். தலைக்கு மேலே ஃபேனோ டியூப்லைட்டோ, பக்கத்தில் சின்னக் குழந்தைகளோ இருந்தால் வெளியே போய்விடுங்கள்.

விட விட நூலில் முறுக்கு ஏறும் அல்லது பிரியும். ஒரே மாதிரி வீசியும் திடீரென்று எதுவும் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். நூலை விரலிலிருந்து கழற்றி, யோயோ கீழே தொங்கும்படி நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தானே சுற்றி முறுக்கைச் சரிசெய்துகொள்ளும். நின்றதும் மறுபடி மாட்டிக்கொண்டு விடலாம். நூல் அழுக்கேறிச் சிராய் விட்டுவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், பாலியெஸ்டர் நூல் விலை மலிவுதான்.