சட்டம் இருக்கும்போது மக்கள் இயக்கம் எதற்கு?

சீட் பெல்ட்டுக்கும் குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் சட்டம் இருக்கிறதே, மக்கள் என்ன சாதிக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கதையைப் பாருங்கள்.

1980 மே மாதம், கலிபோர்னியாவில் சாலையோரம் நடந்துபோன 13 வயது கேரி லைட்னர் மீது போதையில் ஒருவர் காரை ஏற்றினார். அதே குற்றத்துக்கு முன்பே பிடிபட்டவர் அவர். சிறுமியின் அம்மா கேண்டி லைட்னர் தொடங்கியதுதான் 'மேட்' என்ற, குடித்துவிட்டு ஓட்டுவதை எதிர்க்கும் அன்னையர் அமைப்பு. இவர்கள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்துதான் 1984-ல் மது வாங்கும் வயதை 21 ஆக்கும் சட்டம் வந்தது. ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு!

அப்புறம் 1988-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர் டிவி தொடர் எழுத்தாளர்களைப் போய்ப் பார்த்தார்கள். 'இன்னிக்கு யார் குடிக்காம வண்டி ஓட்டப்போறது?' என்கிற மாதிரி ஒரு வரியைக் கதைக்குள் வைக்கச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த உத்தி இதுதான், பிரசங்கமே இல்லை.

சரி, சீட் பெல்ட்? அதற்கு வெறும் அறிவுரை போதவில்லை. 1993-ல் வட கரோலினாவில் 'பெல்ட்டை மாட்டு, இல்லையேல் அபராதம் கட்டு' என்ற பொருளில் விளம்பரம் செய்துவிட்டு, சொன்னபடியே சாலையில் நிறுத்திச் சோதித்தார்கள். பெல்ட் போடுபவர்கள் கூடினார்கள். பிறகு நாடு முழுக்க அதே முறைதான்.