பெற்றவளை நினைத்து அழுகிற மகளுக்கு எந்தச் சாபமும் இல்லை

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தோம், இப்போது அவளுக்கு 11 வயது. தத்துப்பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தின்பண்டங்களை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாள், கேட்டால் பொய் சொல்கிறாள், பெற்ற அம்மாவை நினைத்து ராத்திரியில் அழுகிறாள். என் கணவர் நீதிமொழிகளைச் சொல்லிப் பிரம்பை எடுக்கிறார். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, இது பரம்பரைச் சாபம், விடுதலை ஜெபம் செய்யணும் என்கிறார். என் ஜெபத்தில்தான் குறையா?

பதில்: உங்கள் ஜெபத்தில் ஒரு குறையும் இல்லை சகோதரி. ஆனால் அந்த விடுதலை ஜெபத்துக்கு மகளைத் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாலு பெரியவர்கள் அவள் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தால், என் ரத்தத்திலேயே ஏதோ கெட்டது இருக்கிறது, அதனால்தான் என்னை விட்டுவிட்டார்கள் என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். பிறவிக்குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதைத்தானே, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று? இரண்டும் இல்லை என்றார் இயேசு. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரமும் தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த அக்காவிடம் இரண்டையும் மரியாதையாக வாசித்துக் காட்டுங்கள். அப்புறமும் அவர் விடவில்லை என்றால் குழுவில் மகளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுங்கள். பெற்றவர்கள் அவளை எந்தச் சூழ்நிலையில் விட்டார்கள் என்பது அவளுக்குச் சொந்தமான கதை, ஜெபக்குறிப்பாக அது ஊரைச் சுற்றக் கூடாது.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். சின்ன வயதில், அப்பா அம்மா என்னை ஆசையாகக் கூட்டிவந்தார்கள் என்பதோடு கதை முடிந்துவிடும். பத்து வயதை ஒட்டித்தான், அப்படியென்றால் அதற்கு முன்னால் ஒருத்தி என்னை விட்டிருக்கிறாள் என்பது புரிய ஆரம்பிக்கும். அவள் படுவது துக்கம், அதைக் கலகம் என்று நினைக்காதீர்கள்.

ஒளித்து வைப்பதையும் திருட்டு என்று பார்க்காதீர்கள். ஆரம்ப வருடங்களில் பசியையோ கவனிப்பில்லாமையையோ பார்த்த பிள்ளைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிற பழக்கம், மனசு கலங்கும்போது வருடங்கள் கழித்தும் தலைகாட்டலாம். அலமாரியைப் பூட்டினால் பயம் கூடத்தான் செய்யும். அவளுக்கென்று ஒரு டப்பாவில் பிஸ்கட், முறுக்கு, கடலை மிட்டாய் போட்டுக் கொடுங்கள், யாரையும் கேட்காமல் எடுக்கலாம், தீர்ந்தால் ஒன்றும் சொல்லாமல் நிரப்புங்கள். பதில் தெரிந்துகொண்டே "நீ எடுத்தியா?" என்று கேட்டுப் பொய்க்குள் தள்ளாதீர்கள்.

பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்கிற நீதிமொழிகள் 13:24-ஐ உங்கள் கணவர் சொன்னால் கொலோசெயர் 3:21-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்கே எழுதியிருக்கிறது. கண்டிப்பு வேண்டும்தான், பிரம்பு வேண்டாம். ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை அடி வாங்கும்போது, இவர்களும் என்னை விட்டுவிடுவார்கள் என்றே நினைக்கும். "ஹோமுக்கே திருப்பி அனுப்பிடுவேன்" என்ற வார்த்தை கோபத்தில்கூட உங்கள் வீட்டில் வரவே கூடாது.

அவள் பெற்றவளைப் பற்றிக் கேட்கும்போது நம் விசுவாசிகள் வழக்கமாகச் சொல்கிற இரண்டு பதில்கள் எனக்கு உடன்பாடில்லை. "எங்களுக்காகவே கர்த்தர் உன்னை அனுப்பினார்" என்றால், உங்களுக்குத் தருவதற்காகத்தான் என்னை அவளிடமிருந்து பிடுங்கினாரா என்று பிள்ளை யோசிக்கும். "பாசம் இருந்ததால்தான் விட்டாள்" என்றால், பாசமாக இருக்கிற நீங்களும் விட்டுவிடுவீர்களா என்று பயப்படும். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவளோடு சேர்ந்து அழுங்கள். சங்கீதங்களில் எத்தனை புலம்பல் என்று பாருங்கள், "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்டவனை தேவன் அடக்கவில்லை. மோசேயின் கதையையும் வாசியுங்கள், ஆனால் அவனை எடுத்து வளர்த்த பார்வோன் குமாரத்தியோடு நிறுத்தாமல், நாணற்பெட்டியில் பிசின் பூசிய தாயையும் சேர்த்து வாசியுங்கள். ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் அவளைப் பெற்ற அம்மாவுக்காகவும் ஒரு வரி ஜெபியுங்கள். அப்போது, பெற்றவளை நினைத்தால் வளர்க்கிற அம்மாவுக்கு வலிக்குமோ என்று மகள் ஒளிந்து அழ வேண்டியிருக்காது.

அழுகை தூக்கத்தையும் படிப்பையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது. வேலூர் சி.எம்.சி.யும் மிஷனரிகள் தொடங்கிய மருத்துவமனைதான், அங்கேயே குழந்தைகளுக்கென்று மனநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக, தத்தெடுத்தபோது கொடுத்த காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். தன் வேர்களைத் தேட அவளுக்குத் தத்தெடுப்பு விதிகளே இடம் தருகின்றன. 18 வயதுக்குப் பிறகு அவளே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்பு என்றால் உங்களோடு சேர்ந்து. விவரம் கிடைக்கும் என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஆனால் அவள் தேட நினைக்கும்போது நீங்கள் கூட வருவீர்கள் என்பதை இந்த வாரமே சொல்லுங்கள், அதை அவள் அப்பாவே சொன்னால் இன்னும் நல்லது.