கம்ப்யூட்டர் கேசிங் ஃபேன்களை எந்தப் பக்கம் பார்க்கப் பூட்டுவது?

புதுக்குடியிருப்பில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: கம்ப்யூட்டரின் கேசிங்கோடு, அதாவது வெளிப்பெட்டியோடு, மூன்று ஃபேன் வந்திருக்கிறது, திசை எழுதியில்லை, மூன்றையும் காற்றை வெளியே தள்ளுகிற மாதிரிப் பூட்டினால்தான் சூடு போகும் என்று நண்பர் சொல்கிறார், சரியா என்று. சரியில்லை. புழுதி குறைந்த ஊரென்றால் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். உங்கள் வன்னிப் புழுதியில் விடமுடியாது.

ஃபேனைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடு மோட்டாரைத் தாங்க ஒரு பக்கத்தில் குறுக்குக் கைகள் மூன்று நான்கு இருக்கும். காற்று வெளியே வருவது அந்தப் பக்கத்தால். இதழ்கள் மறைப்பில்லாமல் தெரிகிற பக்கம் உள்ளே இழுக்கும். சிலவற்றின் விளிம்பில் இரண்டு அம்புக்குறி இருக்கும், ஒன்று சுழலும் திசை, மற்றது காற்றுப் போகும் திசை. ஆனால் கண்ணாடிக் கேசிங்குக்கு அழகாக இருக்கட்டும் என்று இப்போது ‘ரிவர்ஸ்’ ஃபேனும் விற்கிறார்கள். அதில் எல்லாம் தலைகீழ். சந்தேகமென்றால் ஓடவிட்டு ஒரு டிசுத் துண்டைக் கிட்டப் பிடியுங்கள், ஒட்டுகிறதா பறக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கு முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. சிபியு கூலரின் (பிரதான சிப்பைக் குளிரவைக்கும் பாகம்) ஃபேனும் பின்பக்கம் பார்த்துத் தள்ள வேண்டும். பிறகு நான்காவது வாங்கினால் மேலே, பின்மூலையில், வெளியே தள்ளுகிற மாதிரி. மேலே முன்மூலையில் போட்டால் முன்ஃபேன் கொண்டுவந்த குளிர்காற்று கூலருக்குப் போய்ச் சேரமுதலே வெளியே போய்விடும்.

இனி நண்பரின் யோசனைக்கு வருவோம். மூன்றும் வெளியே தள்ளினால் உள்ளே அமுக்கம் குறையும். போன காற்றுக்கு ஈடாகக் காற்று எங்காவது நுழையத்தானே வேண்டும்? பின்பக்க ஓட்டைகள், யுஎஸ்பி துளைகள், மூடி இடுக்குகள் எல்லாவற்றாலும் நுழையும், அங்கே ஒன்றிலும் ஃபில்டர் இல்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் அது கொண்டுவரும் செம்புழுதி நேரே கிராபிக்ஸ் கார்டின் ஹீற்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) படியும். இழுப்பது கூட, தள்ளுவது குறைய என்றிருந்தால் இடுக்குகளால் காற்று வெளியேதான் கசியும். புழுதி முன் ஃபில்டரோடு நிற்கும், கழற்றித் தட்டிவிட்டுப் போடலாம்.

எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. நெருக்கமான ஃபில்டருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு ஃபேன், தடையில்லாத ஒரு பின்ஃபேனுக்குத் தோற்றுப் போகலாம். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பின்பக்க ஓட்டைகளுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். புகை உள்ளே இழுபட்டால் பயோஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) பின்ஃபேனின் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். முன்னால் ஃபில்டரே இல்லையென்றால் காந்தப் பட்டி வைத்த வலை வாங்கி ஒட்டலாம். நுளம்பு வலையை வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. மழைக்கு வரும் ஈசலை அது மறிக்கும், மாப்போன்ற புழுதியை மறிக்காது.

வயரில் பெரிய விசயமில்லை. மூன்று ஊசி (3-pin) ஃபேன் மதர்போர்டின் நான்கு ஊசி (4-pin) இடத்திலும் ஏறும், வேகம் குறையவில்லையென்றால் பயோஸில் அந்த ஃபேனின் முறையை டிசி (DC, வோல்ற்றளவால் வேகத்தை மாற்றுவது) என்று மாற்றுங்கள். பவர் சப்ளை கீழே இருந்து, அதற்கு அடியில் ஃபில்டரும் இருந்தால் அதன் ஃபேன் நிலத்தைப் பார்க்கட்டும்.

எத்தனை ஃபேன் போட்டாலும் உள்ளே அறையின் வெப்பத்தை விடக் குறையாது, தகரக் கூரை என்றால் மத்தியானம் அது தெரியும். கம்ப்யூட்டரை றோட்டுப் பக்க யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். புழுதி தட்ட புளோவர் அடிக்கும்போது ஃபேன் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும்.