ராணியின் தொப்பி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற மாதம் நீங்கள் லண்டன் தொப்பிக் கலைஞர்களைப் பற்றி எழுதியதை வாசித்தேன். சுவையாக இருந்தது, ஆனாலும் ஒரு நெருடல். நம்மை ஆண்டு, சுரண்டிப்போன நாட்டின் அரச குடும்பத்துப் பெண்கள் தலையில் எதை வைத்துக்கொண்டால் நமக்கென்ன? வெறும் பகட்டுதானே அது? 1961-ல் எலிசபெத் ராணி சென்னைக்கு வந்தபோது எங்கள் அத்தைக்கு ஆறு வயது. தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். "முகம் ஞாபகமே இல்லை, தொப்பிதான் ஞாபகம்" என்று இன்றைக்கும் சொல்வார். ஒரு மனுஷியின் முகத்தையே தொப்பி விழுங்கிவிட்டது என்றால், பகட்டுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

உங்கள் வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தை சொன்னதை இரண்டு மூன்று முறை படித்தேன். அத்தனை பெரிய கூட்டத்தில் ஆறு வயதுக் குழந்தைக்கு ராணி எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கிறது. அறுபது வருடம் கழித்தும் அது நினைவில் நிற்கிறது. அப்படியென்றால் அந்தத் தொப்பியைச் செய்தவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். ராணியின் பகல்நேரத் தொப்பி பக்கத்தில் நிற்கும் பிரபுவுக்காகச் செய்யப்பட்டதில்லை. கயிற்றுக்கு அப்பால், கடைசி வரிசையில், யாருடைய தோளிலோ உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்யப்பட்டது. நான் அந்தக் கட்டுரையில் இதை அழுத்திச் சொல்லாமல் விட்டது என் தவறு.

எலிசபெத்தின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்தான். எந்த ஊருக்குப் போனாலும் சுற்றிலும் அவரைவிட உயரமான அதிகாரிகளும் காவலர்களும், எல்லோரும் கறுப்பிலும் சாம்பலிலும். நடுவில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் மஞ்சள், ஊதா, ரோஜா நிறங்கள். 2016-ல் தொண்ணூறாவது பிறந்தநாள் அணிவகுப்பில் அவர் உடுத்திய கண்ணைப் பறிக்கும் பச்சையை நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த வயதில் அந்த நிறமா என்று சிலர் கேட்டார்கள். தூரத்தில் நின்றவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிறத்தோடு முடிவதில்லை. விளிம்பு அகலமாக இருந்தால் முகத்தில் நிழல் விழும், பக்கவாட்டில் நிற்பவருக்கு முகமே தெரியாது. உச்சி உயரமாக இருந்தால் காரில் ஏறி இறங்குவது கஷ்டம். காற்றடித்தால் தொப்பியைக் கையால் பிடித்துக்கொள்ள முடியாது. ஒரு கையில் பை, இன்னொரு கை குலுக்குவதற்கு. எனவே கொண்டை ஊசியைவிட நீளமான ஊசியால் முடியோடு சேர்த்துக் குத்தி நிறுத்துவார்கள். குனிந்து ஒரு குழந்தையிடம் பூங்கொத்து வாங்கினாலும் அது நகரக்கூடாது. இத்தனைக்கும் பிறகு அழகாகவும் இருக்க வேண்டும். எங்கள் அம்மா இருபத்தைந்து வருடம் ஊராருக்குத் தைத்துக் கொடுத்தவர். நிபந்தனை கூடக் கூடத்தான் தையல்காரியின் கை தெரியும் என்பார். இந்தத் தொப்பிகளை அந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன்.

முகம் தெரியாமல் தொப்பி மட்டும் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 1991 மே மாதம் வாஷிங்டனில், வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வரவேற்பு. உயரமான அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்குப் பொருத்தமாக வைத்த மேடைப் பீடத்தை ராணிக்காகத் தாழ்த்த மறந்துவிட்டார்கள். மைக்குகளுக்குப் பின்னால் கோடுபோட்ட தொப்பி ஒன்று மட்டும் உரையாற்றியது. "பேசும் தொப்பி" என்று பெயரே வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அமெரிக்கக் காங்கிரஸில் பேச எழுந்தவர், இன்றாவது நான் உங்களுக்குத் தெரிகிறேன் என நம்புகிறேன் என்று தொடங்கினார். சபை சிரித்து எழுந்து கைதட்டியது.

செய்தவர்கள் யார் என்று பாருங்கள், அங்கேதான் எனக்கு மனம் நிற்கிறது. தொடக்க வருடங்களில் ஓகே தாருப், டென்மார்க்கில் பிறந்தவர். சிமோன் மிர்மான் பிரான்ஸ்காரர். 1969-ல் கார்னாவன் கோட்டையில் சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டியபோது ராணி அணிந்திருந்த, பதினாறாம் நூற்றாண்டின் டியூடர் மன்னர்கள் காலத் தலையணியின் சாயல் கொண்ட தொப்பி அவர் செய்தது. ஃபிரெடரிக் ஃபாக்ஸ் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஊரானா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். ராணிக்கு மட்டும் 350-க்கு மேல் தொப்பிகள் செய்திருக்கிறார். பின்னாளில் ராணியின் உடைகளைக் கவனித்து, தொப்பிகளையும் வடிவமைத்த ஏஞ்சலா கெல்லி, லிவர்பூல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள். அரண்மனைப் பொருளாக நாம் பார்ப்பது இப்படி எங்கெங்கிருந்தோ வந்த உழைப்பாளிகளின் கைவேலை.

ஃபாக்ஸ் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது அந்த ரோஜா நிறத் தொப்பி. பக்கவாட்டில் துணியால் செய்த சின்னச் சின்ன மணிகள், கோயில் மணியின் வடிவில், தண்டோடு தொங்கும் பூக்களைப் போல, மொத்தம் 25. 1977 ஜூனில் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு நன்றி வழிபாட்டுக்கு ராணி அதைத்தான் அணிந்து புனித பவுல் பேராலயத்துக்குப் போனார். ஆனால் புதிதாகச் செய்ததல்ல. முந்தின வருடம் மான்ட்ரியல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அணிந்த அதே தொப்பி, அதே உடை. பகட்டு என்கிறீர்களே, தன் வெள்ளிவிழாவுக்கு ஏற்கெனவே கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு வரும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்?

செய்முறையையும் கொஞ்சம் சொல்கிறேன். குளிர்காலத்துக்கு ஃபெல்ட், அதாவது ரோமத்தை அழுத்திச் செய்த தடித்த துணி, பெரும்பாலும் முயல் ரோமத்திலிருந்து. கோடைக்குச் சினமே என்ற வலைத்துணி. பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா என்ற செடியின் நாரில் நெய்வது. அபாகா வாழை இனம். நாம் பூக்கட்டும் வாழைநாரின் உறவுதான். ஆவியில் காட்டி இளக்கி, மர அச்சின் மேல் இழுத்துப் போர்த்தி, சுற்றிலும் ஊசி குத்தி, காயவிட வேண்டும். உச்சிக்கு ஓர் அச்சு, விளிம்புக்கு இன்னொன்று. விளிம்பின் ஓரத்தில் மெல்லிய கம்பியை வைத்து மடித்துத் தைப்பார்கள். அப்புறம் உள்ளே நெற்றி படும் இடத்தில் நாடா. தையல் வெளியே தெரிந்தால் வேலை கெட்டது.

தலையை மூடுவதே அந்நியப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். ஜெபிக்கும் பெண் முக்காடிட்டுக்கொள்ள வேண்டும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். திருநெல்வேலியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வதும், அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்காம் பண்ணையிலுள்ள தேவாலயத்துக்கு ராணி தொப்பியோடு போனதும் அந்த ஒரே வசனத்திலிருந்து வந்தவை.

சரி, உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் எது? இறகுகள். அதை நான் மறைக்க மாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கு வெண்கொக்கின் மெல்லிய தோகை வேண்டியிருந்தது. கூடு கட்டும் காலத்தில் மட்டுமே அது முளைக்கும். தாய்ப் பறவையைச் சுட்டு இறகைப் பிடுங்கிப் போவார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியில் சாகும். இந்தியாவிலிருந்தும் இறகுகள் மூட்டை மூட்டையாகப் போயின, 1902-ல் ஏற்றுமதிக்குத் தடை வரும் வரை. நம் வயல்களில் நிற்கும் அதே கொக்குதான்.

இதை எதிர்த்து 1889-ல் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி பறவைகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். 1906-ல் அன்றைய மன்னர் ஏழாம் எட்வர்டின் மனைவி அலெக்ஸாண்ட்ரா ராணி, தான் அந்த இறகை அணிவதில்லை என்று அந்தச் சங்கம் வெளியே சொல்லிக்கொள்ள அனுமதி கொடுத்தார். அலெக்ஸாண்ட்ரா யார் தெரியுமா? நோயினால் அவர் நொண்டி நடந்தபோது, அந்த நொண்டலையே நாகரிகமென்று காப்பியடித்து நடந்தார்கள் லண்டன் பெண்கள். அப்படிப்பட்டவர் ஒன்றை வேண்டாமென்றால் அதற்கு எடை உண்டு. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு 1921 ஆகிவிட்டது. எத்தனை லட்சம் பறவைகளுக்கு அது தாமதம் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

ராணியின் பேத்தி இளவரசி பியாட்ரிஸ் 2011-ல் இளவரசர் வில்லியம் திருமணத்துக்கு அணிந்து வந்த, தொப்பிக் கலைஞர் பிலிப் ட்ரேசியின் தொப்பியை உலகமே கேலி செய்தது. அவர் அதை ஏலத்தில் விட்டார். 81,100 பவுண்டுக்குப் போனது. பணம் முழுவதும் குழந்தைகளுக்கான இரண்டு தொண்டு அமைப்புகளுக்கு. அந்தத் தொப்பி எனக்கு அழகாகத் தோன்றவில்லை. அந்தப் பெண் செய்தது அழகு.

காலனி ஆட்சி நமக்குச் செய்ததை ஒரு தொப்பிக்காக மன்னிக்கச் சொல்லவில்லை, நானும் மன்னிக்கவில்லை. ஆனால் ஊரானாவில் பிறந்த ஒருவர் துணியில் செய்த மணியைப் பார்த்து மனம் நிறைவதற்கு அந்தக் கோபம் எனக்குத் தடையாக இல்லை.

அத்தையிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அன்று அந்தத் தொப்பி என்ன நிறம்? அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

அன்புடன்,
அக்கா