பாம்புக்கடி நோயாளியின் இரத்தம் ஒருமுறை உறைகிறது, மறுமுறை உறையவில்லை

பாம்புக்கடி நோயாளியின் இரத்தத்தைக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனை ஒவ்வொரு முறையும் வேறு முடிவு தருகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் குழாயை மாற்றுங்கள். ஒரே நோயாளியின் இரத்தம் அரை மணி நேர இடைவெளியில் இரண்டு விதமான முடிவு தந்ததற்கு உங்கள் கை காரணமாக இருக்காது.

இரவுப் பணியில் கழுவிவைத்த குழாயை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சோப்பு சிறிது ஒட்டியிருந்தாலும் உறைவது கெடும். பிளாஸ்டிக் குழாயும் உதவாது. உறைதலைத் தூண்டுவது கண்ணாடிப் பரப்புதான்.

புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய்கள் இரண்டு எடுங்கள். ஒன்றில் நோயாளியின் இரத்தம் 2 மி.லி., மற்றொன்றில் சம்மதம் கேட்டு, உடன் வந்த ஆரோக்கியமான ஒருவருடையது. 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒருமுறை மட்டும் சாய்த்துப் பாருங்கள். நடுவில் எடுத்து ஆட்டிப் பார்க்க யாரையும் விடாதீர்கள், சீனியர்கள் உட்பட! உடன் வந்தவருடையதும் உறையவில்லை என்றால் குழாயில்தான் கோளாறு.

ஆனால் உறைந்துவிட்டது என்று நிம்மதியாக உட்காராதீர்கள். கண்ணாடிவிரியன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும், ஆனால் அதன் கடியிலும் முதல் சோதனை சரியாக இருக்கலாம். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கட்டுவிரியன் விஷமோ நரம்பைத் தாக்கும், இரத்தம் ஒழுங்காகவே உறையும். டெல்டாவில் சம்பா அறுவடையின்போது வரப்பில் கடிபட்டவர் பாம்பைப் பார்த்ததாகவாவது சொல்வார். களத்தில் தரையில் படுத்திருக்கும்போது கட்டுவிரியன் கடித்து விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருபவருக்குக் கடித்த தடமே தெரியாது. இமை இறங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். இமை இறங்கினாலோ விழுங்க முடியாவிட்டாலோ உடனே பணியில் இருக்கும் உதவிப் பேராசிரியரை எழுப்புங்கள், திட்டினால் திட்டட்டும்.